வாய்காட்டும் பெண் பிள்ளைகளின் படங்களை மாணவியருக்குத் திரையிடலாமா?

கேள்வி: தமிழாசிரியை, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் உள்ள மகளிர் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தர வகுப்புக்காகக் காத்திருக்கும் மாணவியருக்காக, மாதம் இரண்டு படங்களைப் பார்த்துக் கலந்துரையாடும் சிறு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். சவூதி அரேபிய இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் 2012 ஆம் ஆண்டு எடுத்த ‘வஜ்தா’ என்ற படத்தை அண்மையில் திரையிட்டோம். பெண் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டி ஓட்டுவதை ஏற்காத ஊரில், அப்படியொன்றை வாங்கியே தீருவேன் என்று நிற்கும் சிறுமியின் கதை அது. மறுவாரமே தாய்மார் இருவர் என்னைத் தேடி வந்து, பிள்ளைகள் வாய்காட்டப் பழகுவதற்கா இவற்றைப் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் குரலில் கோபத்தைவிடப் பயமே மிகுதியாக இருந்ததால், அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய படங்களில் வரும் எதிர்ப்பு ஒரு பெண் பிள்ளைக்கு உண்மையிலேயே வலுவைத் தருகிறதா, அல்லது கதவை அறைந்து சாத்துவதையே விடுதலை என்று அவளுக்குக் காட்டிவிடுகிறதா? அடுத்து எதைத் திரையிடலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கொட்டாஞ்சேனை வாசகன்

ஆசிரியை அவர்களுக்கு, அந்தத் தாய்மாரை அழைத்து ‘வஜ்தா’வின் இறுதிப் பகுதியைக் காட்டுங்கள். வண்டி வாங்குவதற்காகவே குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து வெல்கிறாள் அந்தப் பிள்ளை. பரிசுப் பணத்தைக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்பதை மறைக்காமல் சொன்ன குற்றத்துக்காகப் பணம் அவள் கைக்கு வராமலே போகிறது. கடைசியில் வண்டியை வாங்கிக் கொடுப்பவள் அதுவரை அதை மறுத்து வந்த தாய்தான். கணவன் இன்னொரு பெண்ணை மணந்துகொள்ளும் அதே இரவில் அவள் அந்த வண்டியை மகளுக்குக் கொடுக்கிறாள் என்பதைப் பார்க்கும்போது, மகளின் பிடிவாதம் தாயையும் சேர்த்தே நிமிர்த்தியிருப்பது புரியும்.

எதிர்ப்புக்கும் ஒரு நேர்மை வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது மர்ஜான் சத்ராபியும் வின்சென்ட் பரொன்னோவும் இணைந்து இயக்கிய ‘பெர்சபொலிஸ்’ (2007) படத்தில். பெண்கள் ஒப்பனை செய்வது தடுக்கப்பட்டிருக்கும் ஈரானில் உதட்டுச்சாயம் பூசி வீதியில் நிற்கும் இளம்பெண் மர்ஜான், காவற்படையினரிடம் தான் அகப்படாமல் இருப்பதற்காக, பக்கத்தில் சும்மா இருந்த ஒருவர் தன்னிடம் தகாத வார்த்தை பேசினார் என்று பொய் சொல்லி அவரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். அதைச் சிரித்துக்கொண்டே பாட்டியிடம் சொல்கிறாள். அதுவரை அவளுடைய குறும்புகள் எல்லாவற்றுக்கும் துணைநின்ற பாட்டி அன்று மட்டும் வெகுண்டெழுகிறார். அடக்குமுறையை எதிர்த்துச் சிறை சென்றவர்களும் உயிரை விட்டவர்களும் பிறந்த குடும்பத்தின் பெண், தன்னைக் காத்துக்கொள்ள ஓர் அப்பாவியைப் பலி கொடுப்பதா என்பதே அவர் கோபம். வாய்காட்டுவதையும் எதிர்த்து நிற்பதையும் பிரித்தறிய மாணவியருக்கு இந்த ஒரு காட்சியே போதும் என்று நம்புகிறேன்.

பதில் 2: இரு பெண் பிள்ளைகளின் தாய், தெஹிவளை

ஆசிரியை, உங்களிடம் வந்த இருவரில் ஒருத்தியாக நானும் இருந்திருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மூத்தவள் பெரியவளானபோது நாங்கள் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம். வேண்டாம் என்று அவள் இரண்டு நாள் அழுதாள். சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார்கள், படப்பிடிப்புக்காரருக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி அவளை மணவறையில் இருத்தினேன். அந்த நிழற்படத் தொகுப்பை அவள் இன்றுவரை திறந்து பார்த்ததில்லை.

பின்னர் அவளே என்னை அருகில் இருத்தி, ரீமா தாஸ் இயக்கிய ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ (2017) என்ற அசாமியப் படத்தைக் காட்டினாள். தன் சொந்தக் கிராமத்திலேயே, ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் தாமே செய்து, அந்த இயக்குநர் எடுத்த படம் அது; இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கித்தார் ஒன்றுக்கு ஆசைப்படும் துனு என்ற சிறுமி பையன்களோடு மரம் ஏறுகிறாள், வெள்ளத்தில் நீந்துகிறாள். அவள் பெரியவளானதும் ஊர் வழக்கப்படி சடங்கு நடக்கிறது. அதன் பிறகும் அவள் மரமேறுவதைக் கண்டு ஊர்ப்பெண்கள் கண்டிக்க வரும்போது, விதவையான அந்த ஏழைத் தாய் மகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறாள். நான் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது உறைத்தது. சடங்கைச் செய்வதா விடுவதா என்பதைவிட, அதன் பிறகு பிள்ளையின் உலகம் எவ்வளவு சுருங்கப்போகிறது என்பதையே நான் கேட்டிருக்க வேண்டும். சின்னவளுக்கு மண்டபம் எடுக்கவில்லை. அவள் விருப்பப்படி வீட்டில் நாலு பேரோடு முடித்துக்கொண்டோம்.

பதில் 3: பழைய படங்களின் காதலி, பம்பலப்பிட்டி

நமது நாட்டுப் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா. சுமித்ரா பீரிஸ் 1978 ஆம் ஆண்டு இயக்கிய முதற்படமான ‘கெஹெனு லமாய்’, ‘பெண் பிள்ளைகள்’ என்று பொருள்படும் சிங்களப் படம். வசந்தி சதுராணி நடித்த குசும் என்ற மாணவி, தன்னை விரும்பும் வசதியான வீட்டு இளைஞனை, இரு குடும்பங்களுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை எண்ணி விட்டுக்கொடுக்கிறாள். எவரையும் எதிர்த்துப் பேசாத, எல்லோரும் மெச்சும் பிள்ளை அவள். அந்த அடக்கத்துக்கு அவள் கொடுக்கும் விலையைப் பெற்றோரும் பார்க்கட்டும். மறுத்துப் பேசும் பிள்ளையைக் கண்டு பயப்படும் நாம், பேசாத பிள்ளையை நினைத்து ஏன் பயப்படுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

பதில் 4: ஒரு தந்தை, மட்டக்குளி

ஓர் எச்சரிக்கை மட்டும். துருக்கியில் ஐந்து சகோதரிகள் வீட்டுக்குள் பூட்டப்படும் கதையைச் சொல்லும் ‘மஸ்டாங்’ (2015) என்ற படத்தை இப்பட்டியல்களில் எல்லாம் காண்கிறேன். மிகச் சிறந்த படம்தான். ஆனால் அதில் ஒரு சகோதரி தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். வீட்டுக்குள்ளேயே நடக்கும் துஷ்பிரயோகமும் வருகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாமலும், படம் முடிந்த பின் பேசுவதற்குப் பெரியவர் ஒருவர் உடன் இல்லாமலும் அதைத் திரையிட வேண்டாம்.

மீண்டும் ஆசிரியை

நன்றி. அடுத்த திரையிடல் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ என்று முடிவு செய்திருக்கிறேன். வந்து கேட்ட தாய்மார் இருவரையும் நேரில் அழைத்தேன். ஒருவர் வருவதாகச் சொன்னார். மற்றவர் முதலில் தான் மட்டும் பார்க்க வேண்டும் என்றார். படத்தின் பிரதியை இன்று மாலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.