ஆச்சி வீட்டு குரூப்: மேசை பாக்கப் போன செல்வி

செல்வி: எல்லாரும் இத கொஞ்சம் பாருங்களேன், பழைய சாமான் கடைல ஒரு மேசை, மூணு டிராயர், பர்மா தேக்காம், நூத்தி இருவது வருசம் பழசாம், ஏதோ ஜமீன் வீட்டுல இருந்து வந்ததுன்னு சொல்லுதாரு, 48,000 சொல்லி 42க்கு எறங்கிருக்காரு, இன்னைக்கே அட்வான்ஸ் குடுக்கலன்னா மெட்ராஸ் பார்ட்டி தூக்கிட்டுப் போயிருவாங்களாம்

மதினி: அய்யோ நல்லாருக்கு புள்ள, வாங்கிரு

பெரிய மாமா: அட்வான்ஸ் குடுத்துட்டியா?

செல்வி: இல்ல மாமா, ஏடிஎம்ல நிக்கேன்

பெரிய மாமா: எடுக்காத. திரும்பிப் போ. நீ அனுப்பினது பூரா முன்பக்கம், பாலிஷ் போட்டா எதுவும் மின்னத்தான் செய்யும். டிராயர முழுசா உருவி கவுத்துப் போட்டு அடிய ஒரு போட்டோ எடு, மேசைக்குப் பின்பக்கம் ஒண்ணு, கால் தரைய தொடுத எடத்துல ஒண்ணு. செங்கோட்டைல மரக்கடைல முப்பது வருசம் கணக்கு எழுதுனவன் சொல்லுதேன், ஆசாரிமாரு ஆளு பாக்குத பக்கத்த தான் பாத்துப் பாத்து இழைப்பாங்க, உள்பக்கத்த அப்படியே விட்ருவாங்க, அங்கன தான் மேசையோட வயசு தெரியும்

பெரிய மாமா: டிராயருக்குள்ள மூக்க விட்டும் பாரு. தின்னர் வாடை வந்தா போன வாரம் பாலிஷ் போட்டதுன்னு அர்த்தம்

செல்வி: வருது மாமா, கண்ணு எரியுது. போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க, பின்பலகைல வட்டம் வட்டமா கோடு இருக்கே, இது மிஷின் ரம்பம் தானெ? அப்ப புதுசா?

பெரிய மாமா: அத மட்டும் வச்சு தள்ளிராத, ரங்கூன்லயே வெள்ளக்காரன் காலத்துல நீராவி மில்லு ஓடிச்சு, அங்கன அறுத்து கப்பல்ல வந்த மரத்துலயும் அந்தக் கோடு இருக்கும். ஆனா டிராயர் அடிப்பலகை பிளைவுட்டு. ஓரத்தப் பாரு, அடுக்கு அடுக்கா தெரியுது. ஸ்க்ரூ தலைல கூட்டல் குறி இருக்கு, அந்த ஸ்டார் ஸ்க்ரூ 1930கள்ல அமெரிக்காவுல வந்தது. நூத்தி இருவது வருச மேசைல எப்பிடி வந்துச்சு? ஒண்ணு ரெண்டு இருந்தா ரிப்பேர் பாத்தாங்கன்னு விட்ரலாம், பக்கத்துல பழைய ஓட்டை அடைச்ச தடம் இருக்கும். இதுல பன்னெண்டும் ஸ்டார், தடமும் இல்ல

பெரிய மாமா: மூலைய பாரு. பழைய டிராயர்ல புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லு வெட்டி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும், கையால வெட்டுனதால ஒரு பல்லு போல இன்னொரு பல்லு இருக்காது. இது நேரா ஆணி அடிச்சு பெவிகால் போட்டது

செல்வி: அப்ப மொத்தமும் டூப்ளிகேட்டா மாமா

பெரிய மாமா: இல்ல தாயி, மேல் பலகை ஒரே பலகைல்லா, ஒட்டு இல்ல, அதுவும் சட்டமும் நல்ல வைரம் பாஞ்ச பழைய தேக்கு, எனக்கு சந்தேகம் இல்ல. எங்கனயோ டிராயர் இல்லாம கெடந்த மேசைக்கு புதுசா டிராயர் செஞ்சு சொருகிருக்கான். அதுல தப்பு இல்ல, சொல்லி விக்கணும். கால்ல ஒரு ஜாண் ஒசரத்துக்கு வெளுத்த கோடு ஒண்ணு போவுது பாத்தியா? தண்ணில நின்ன தடம். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் ஏரல் பக்கம் எத்தன வீட்டு சாமான் நனைஞ்சுது, தேக்கு தாங்கிரும், ஆனா கால் இணைப்புல ஆப்பு தளந்திருக்கும், ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டிப் பாரு

செல்வி: ஆடுது

மஸ்கட் தம்பி: மாமா எனக்கும் நெசமாவே நூறு வருசம் ஆன ஊஞ்சல் ஒண்ணு பாருங்க, இங்க கொண்டு வந்துருதேன்

பெரிய மாமா: முடியாதுல. நூறு வருசம் தாண்டின கலைப்பொருள தனியாளு வெளிநாட்டுக்குக் கொண்டு போவக் கூடாது, 1972ல போட்ட சட்டம். தேர்ச் சிற்பம், கோயில் வாகனம்னு எவனாவது காட்டுனா தொடவே தொடாத, அது சாமி சொத்து, வாங்குனவனும் கேசுல மாட்டுவான்

அத்தை: ஊஞ்சல்னு சொல்லாதீங்கய்யா எனக்கு வயிறு எரியுது. எங்க வீட்டு மாமா தவறிப்போன வருசம் வீடு மராமத்துக்கு பணம் இல்லாம, டெம்போல வந்த ஒருத்தன் தோதகத்தி, அதான் ரோஸ்வுட்டு, அந்த ஊஞ்சல் பலகைய நாலாயிரத்துக்கு எடுத்துட்டுப் போனான், கறுத்த பலகை நாலு பேரு தூக்குனாங்க, என் மூணு புள்ளையளையும் அதுல போட்டு தான் ஆட்டுனேன். வெல விசாரிக்கணும்னு கூட தோணல, ஒரு போன் போட்டு அண்ணாச்சிட்ட கேட்டிருக்கலாம். உத்தரத்துல நாலு கொக்கியும் அப்பிடியே கெடக்கு, இப்ப அதுல கொடி கட்டி துணி காயப்போடுதேன்

மதினி: அத்தை வருத்தப்படாதீங்க

பெரிய மாமா: செல்வி, மூணு டிராயரும் புதுசா செய்யணும், கால் இணைப்பு பிரிச்சு ஆப்பு அடிக்கணும், வண்டி வாடகை வேற, எல்லாத்தையும் கழிச்சா 20க்கு மேல போவாத. பில்லுல மேல் பலகை பழசு டிராயர் புதுசுன்னு எழுதி கையெழுத்து கேளு. பாலிஷ வீட்டுல வந்து அரக்கும் ஸ்பிரிட்டும் வச்சு நாம போட்டுக்கிடலாம்

செல்வி: கேட்டேன் மாமா. 25க்கு வந்துட்டாரு, ஆனா எழுதித் தர மாட்டேங்காரு

பெரிய மாமா: மெட்ராஸ் பார்ட்டி?

செல்வி: அதப்பத்தி இப்ப பேச்சே இல்ல

பெரிய மாமா: எழுதித் தரலன்னா வேண்டாம், பஸ் ஏறு

செல்வி: ஜங்ஷன் பஸ் ஏறிட்டேன்

அத்தை: நேரா இங்க வா புள்ள, சொதி வச்சிருக்கேன்