1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: மாருதி இன்ஜின் போடுவதா, பழைய இன்ஜினையே எழுப்புவதா?

மாங்காய்மண்டி பேரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூரில். தாத்தா மாங்காய் மண்டி வைத்திருந்த காலத்தில் வாங்கிய 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, 1994-இல் இருந்து எங்கள் களத்துக் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் தார்ப்பாயை எடுத்துப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பக்கமே மொத்தமாக எழுந்து முன்னால் சாய்கிறது, உள்ளே இன்ஜின் முழுசாக அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வேறு எதிலும் மனசு போகவில்லை.

சின்ன வயதில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து தொப்பூர் வழியாக சேலம் போன ஞாபகம் இருக்கிறது. இதை ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஓசூரில் ஒரு மெக்கானிக், "இந்த 948 சிசி இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி இன்ஜின், கியர்பாக்ஸ் போட்டுவிடலாம், அலாய் வீல் போட்டால் ஆளே மாறிவிடும்" என்கிறார். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. பட்ஜெட் ஒரேயடியாக இல்லை, மாதாமாதம் கொஞ்சம் போடலாம். ஆர்சி தாத்தா பெயரில்தான், சேலத்தில் போட்ட பதிவு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஓசூர் லேத்காரன்:

தம்பி, தயவு செய்து அந்த இன்ஜினைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க வேண்டும் என்கிறீர்கள், ஆனால் பாதி ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கனவே உங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. ஹெரால்டு என்பது இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, நம் சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. 1962-இல் டிரையம்ப் விட்ட ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷன் அதே அமைப்பு. இன்ஜினும் ஒரே வம்சம், ஸ்பிட்ஃபயரில் சிலிண்டர் விட்டம் பெரிதாகி 1147 சிசி, பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் அதே 76 மி.மீ. ஒரே ஒரு ஆணி கூட மாற்றாமல் உங்கள் வண்டிக்கு அந்த ரத்தம் இருக்கிறது.

இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்றியதும் முதல் வேலை இது: முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்கள். புல்லி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த வம்ச இன்ஜினுக்கு இது பரம்பரை வியாதி. அந்த அரை வட்டத் தகடு தேய்ந்து தேய்ந்து கடைசியில் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்துவிடும், அதற்குப் பிறகும் ஓட்டினால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். கிராங்க் முன்னும் பின்னும் அசைவது 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம். நான் ஒரு வண்டியில் இதைப் பார்க்காமல் விட்டு பிளாக்கே போன கதையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள். 1994-இல் ஓடியது ஈயம் கலந்த பெட்ரோலில். 2000-க்குப் பிறகு அது நாட்டிலேயே கிடையாது, வெறும் வார்ப்பிரும்பு சீட் இப்போதைய பெட்ரோலில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். எந்த நல்ல ஹெட் வேலை செய்யும் லேத்திலும் இதைச் செய்வார்கள். பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

தொப்பூர் இறக்கம்:

மேலே அண்ணன் சொன்னது முழுக்க சரி. நான் இன்ஜினைப் பற்றிப் பேசப்போவதில்லை. தொப்பூரில் இறங்குகிற வண்டி என்று சொன்னீர்கள், அதனால் பின் சக்கரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஹெரால்டுக்குப் பின்னால் சாதாரண ஆக்சில் கிடையாது. டிஃபரன்ஷியல் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் ஆக்சில் ஒரு மூட்டில் மேலும் கீழும் ஆடும், குறுக்காக ஒரே ஒரு பட்டைக் கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் மிதித்தாலோ பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடிந்துகொள்ளும், வண்டி பின்னால் சுற்றிவிடும். இங்கிலாந்திலேயே இதற்குத் திட்டு வாங்கி, 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயரில் பட்டையின் அமைப்பையே மாற்றினார்கள்.

இங்கே நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, பட்டை இறங்கிவிட்டது என்று பட்டறையில் கொடுத்து வளைத்து உயர்த்திவிடுவது. பார்க்க நிமிர்ந்து நிற்கும், ஆனால் சக்கரம் இரண்டும் கீழே உள்வாங்கி நிற்கும், அதுதான் ஆபத்தான நிலை. டிரைவர் உட்கார்ந்த பிறகு பின் சக்கரம் நேராகவோ, மேல்பக்கம் துளி உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். அவ்வளவு உயரம் போதும், அதற்கு மேல் ஒரு விரல் கூட வேண்டாம்.

முன்னால் டிரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, சக்கரம் திரும்புவதே அதன் மரையில்தான். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் மட்டும்தான். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோரும் கிரீஸ் கன்னை வைத்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே இறுகி, தண்ணீர் புகுந்து, அந்த மரையில் இறங்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து, ஒருநாள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குள் படுத்துவிடும். முப்பது வருடம் நின்ற வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் ஏற்றவே கூடாது.

பிரேக்கில் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஓஸ், குழாய் எல்லாமே புதிது. டிஸ்க் பிரேக் ஆசை இருந்தால் பிறகு பார்க்கலாம். டிரம்மை வட்டமாகக் கடைந்து, ஷூவை அதற்குப் பொருத்தித் தேய்த்து உட்கார வைத்தாலே இந்த எடைக்கு நன்றாக நிற்கும்.

அலாய் வீல் விஷயம்: இதன் நாலு போல்ட் வட்டம் 95.25 மி.மீ., நம் மார்க்கெட்டில் நிறையக் கிடைப்பது 100 மி.மீ. போல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டிவிடுவார்கள், மாட்டவிடாதீர்கள். பழைய இரும்பு ரிம்மையே மணல் அடித்து பெயின்ட் செய்து 145/80 ஆர்13 ரேடியல் போடுங்கள்.

மாங்காய்மண்டி பேரன்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. டிரன்னியனுக்குப் போன வாரம்தான் நானே கிரீஸ் அடித்தேன், இன்று கழற்றிக் கழுவுகிறேன். சேலம் பதிவு, ஆர்டிஓ விஷயம் யாருக்காவது தெரியுமா? வின்டேஜ் பதிவு என்கிறார்களே, அது நல்லதா?

தர்மபுரி நாலு ரோடு:

சார், 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு, நம்பரில் விஏ என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் ஆகாது. அதோடு கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ஞாயிறு ஞாயிறு ஒகேனக்கல் போக வேண்டும் என்றால் அது உங்களுக்கு வேண்டாம். சாதாரணப் பதிவையே படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்றி, படிவம் 25-இல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 1965 அக்டோபர் வரை தர்மபுரியே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் சேலம் பதிவு இருப்பதில் அதிசயம் இல்லை. சேஸிஸ் நம்பர் தகட்டை எக்காரணம் கொண்டும் பெயின்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள்.

மாருதி இன்ஜின் போட்டால் இரண்டு வழியுமே சிக்கல். ஆர்சியில் உள்ள இன்ஜின் மாறினால் அனுமதி வாங்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று. ரேடியேட்டரில் நம் ஊர் போர் தண்ணீர் ஒரு சொட்டு கூட வேண்டாம். வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் பிளாக்குக்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும்.

ஓசூர் லேத்காரன்:

அப்கிரேடு என்று ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், வெளியே தெரியாத, திரும்பக் கழற்றி வைக்கக்கூடிய வேலையாகச் செய்யுங்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரிலே வைத்து 7 அங்குல எச்4 ஹெட்லைட். ஆனால் முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள், இந்த வயது வண்டிகளில் பிளஸ் பாடியில் இருக்கும், அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டர் கொடுத்தால் கொடுத்த நொடியே டயோடு எரிந்துவிடும். பழையதை எல்லாம் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். பாடியைச் சேஸிஸில் இருந்து தூக்குவதாக இருந்தால் கதவு ஓட்டையில் குறுக்கே ஆங்கிள் வெல்டு வைத்த பிறகுதான் தூக்க வேண்டும், இல்லை என்றால் நடுவில் வளைந்து அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது.

மாங்காய்மண்டி பேரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்ஜின் எட்டாவது நாள் அசைந்தது, ஒரு நெல்லளவு முதலில், அப்புறம் அரைச் சுற்று, அப்புறம் முழுச் சுற்று. அப்பாதான் ஸ்பேனரைப் பிடித்திருந்தார். கிளட்ச் சிலிண்டர் வறண்டு கிடந்ததால் ஸ்க்ரூ டிரைவரால் புல்லியை நெம்பி டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், 0.35 மி.மீ. வருகிறது. சம்ப்பைக் கழற்றியபோது இரண்டு வாஷரும் இடத்தில்தான் இருந்தன, முகம் மட்டும் செம்பு நிறமாகத் தேய்ந்து போயிருந்தது. ஓவர்சைஸ் வாஷர் ஆர்டர் போட்டிருக்கிறேன். வலது டிரன்னியன் நன்றாக இருக்கிறது. இடதுபக்கக் கம்பியில் மரை முடியும் இடத்தில் துருக் கோடு ஒன்று ஓடுகிறது, படம் எடுத்திருக்கிறேன், நாளை லேத்துக்கே எடுத்து வரட்டுமா அண்ணா?

ஓசூர் லேத்காரன்:

எடுத்து வாருங்கள். ஆனால் அந்தக் கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டாம், புதிதுதான். பழையது எந்த இடத்தில் ஒடிய இருந்தது என்று அப்பாவுக்கும் காட்டலாம்.