ஒரு வார விடுமுறை, ஊர் முழுக்கச் சொந்தம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நடைபாதை:

வளர்ந்த நகரத்துக்கு ஒரு வார விடுமுறையில் போய்விட்டு வந்திருக்கிறேன். அலுவலகத்தில் விடுமுறை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அங்கே இறங்கியதும் அது சுற்றுப்பயணம் ஆகிவிடுகிறது. பெரியம்மா ஒரு மூலை, அத்தை எதிர் மூலை, சித்தப்பா நடுவில். கூடப் படித்தவர்களோ, நாங்கள் இருந்த காலத்தில் வெறும் பொட்டலாகக் கிடந்த பகுதிகளில் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன இடமெல்லாம் முதல் கேள்வி "எப்ப வந்த?" அடுத்தது "எப்ப கிளம்புற?" ரெண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடைவெளி கிடையாது. கேட்கிறவர் மனசுக்குள் ஒரு பாகப்பிரிவினை ஓடிக்கொண்டிருக்கும். மொத்தம் இவ்வளவு நாள், அதில் நம்ம வீட்டுக்கு எவ்வளவு, அவங்க வீட்டுக்கு எவ்வளவு. தேதியைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அப்புறம் பேரம்தான்.

இந்த முறை ஒரு முடிவோடு போனேன். யாரையும் சும்மா பார்க்கப் போவதில்லை, அவர்களுக்கு அன்றைக்கு என்ன வேலை இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்வது. வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நாம் வருகிறோம் என்று சோபாவில் கிடந்த துணியெல்லாம் உள்ளே போயிருக்கும். டிவியைச் சத்தம் மட்டும் குறைத்து ஓடவிட்டிருப்பார்கள், பேசுகிறவர் கண் அடிக்கடி அங்கே போய் நிற்கும். எல்லாரும் நல்லா இருக்காங்க, வேலை நல்லா போகுது, சரி அப்ப கிளம்பறேன். இதற்கு ஒன்றரை மணி நேரம் நெரிசலில் போய்வர வேண்டுமா?

சித்தப்பாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. துணைக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். கண் பாப்பா விரிய இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். விரிந்த பிறகு சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது தெளியாது, வெளிச்சம் கூசும். அதாவது செய்தித்தாள் கிடையாது, போன் கிடையாது. சித்தப்பாவுக்குப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பாவும் அவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போன கதை எனக்குத் தெரியும். டபுள்ஸ் போயிருப்பார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கேரியர் உடைந்த சைக்கிளாம். ஒருவர் பாதி தூரம் ஓட்டிப் போய் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை நடப்பாராம். பின்னால் நடந்து வருகிறவர் அதை எடுத்து ஓட்டிக்கொண்டு முன்னாலே போவாராம். "பூட்டு?" என்றேன். "அந்த வண்டிக்குப் பூட்டு ஒரு கேடா? பிரேக்கே கிடையாது" என்றார். தினமும் முதல் பாதியை அப்பாதான் ஓட்டுவாராம், மூத்தவராம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் சிணுங்கியது. படித்துச் சொல்லச் சொன்னார். அண்ணன் தம்பி தங்கைகள் மட்டும் இருக்கிற வாட்ஸாப் குழு. அத்தை போட்டிருந்தார்: "அவன் வந்து ரெண்டு நாள் ஆச்சாம். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல." சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்தினேன். சித்தப்பா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தார். "என்கூட ஆஸ்பத்திரியில இருக்கான்னு பதில் போடு. அதுக்கப்புறம் எவனும் வாயத் திறக்க மாட்டான்." போட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பார்களா? என்ன ஆச்சு, எந்த வார்டு என்று வரிசையாக அழைப்பு.

மற்றபடி, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறைகிறது. அவ்வளவுதான் என் நிர்வாகத் திறமை. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:

எனக்குப் பிரச்சினையே ராத்திரிதான். போன அன்றைக்குத் தூக்கம் வராதது அவர்கள் வீட்டு மெத்தையின் குற்றம் என்று பழி போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் இரவு மூளையின் இடது பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் காக்கிறதாம், சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறதாம். அதே இடத்தில் மறுபடி படுக்கும்போது அது அடங்கிவிடுகிறது. எல்லாருக்கும் நியாயம் செய்கிறேன் என்று ராத்திரிக்கு ஒரு வீடாக மாறினால் தினமும் நமக்கு முதலிரவு (சிரிக்காதீர்கள்). இப்போதெல்லாம் பெட்டி ஒரு வீட்டில்தான் இருக்கும், பகலில் எங்கு வேண்டுமானாலும் வருவேன்.

மாடிவீட்டம்மா:

நடைபாதை தம்பி, நீங்கள் சொல்வது உங்கள் பக்கத்து நியாயம். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிற ஆள் நான். என் பக்கத்தையும் கேளுங்கள்.

பத்து நிமிஷம் வந்து போகிறவர்களை ஏதோ கடமைக்கு வருகிறவர்கள் மாதிரி எழுதிவிட்டீர்கள். என் நாத்தனார் மகன் அப்படித்தான் வருவான். செருப்பைக்கூட முழுசாகக் கழற்ற மாட்டான், வாசல்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். "அத்தை, டாக்ஸி நிக்குது" என்பான். அவன் வந்த செய்தியை நான் அடுத்த வாரம் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். இளைத்திருக்கிறானா, தலை நரைத்திருக்கிறதா, நடை எப்படி இருக்கிறது, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிடும். போனில் எத்தனை மணி நேரம் பேசினாலும் அது தெரியாது. எங்கள் வயசில் பேச்சு எதற்கு, முகம் போதும்.

இன்னொன்று. எல்லா வீட்டிலும் கூட ஒட்டிக்கொள்கிற மாதிரி வேலை இருக்காது. நாள் முழுக்க இருக்கிறேன் என்று வருகிறவர்களுக்காகக் குளியலறையைக் கழுவி, துண்டு எடுத்து வைத்து, நாற்காலி மேல் ஏறி மெத்தையை இறக்க வேண்டியிருக்கிறது. எனக்கு முட்டி வலி. வருகிறவர்கள் வரட்டும், ஆனால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும். திடீரென்று வந்து நின்று ஆச்சரியப்படுத்துவது சினிமாவில் நன்றாக இருக்கும்.

நடைபாதை:

அம்மா, நீங்கள் சொன்னது சரிதான். அத்தையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேதான் போனேன். மெத்தையை நானே இறக்கினேன்.

கடைசி பெஞ்சு:

சொந்தக்காரர்களாவது கோபித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். பழைய நண்பன் கூப்பிட மாட்டான், நாமும் கூப்பிட மாட்டோம், நடுவில் எந்தச் சண்டையும் இருக்காது.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. தொடர்பு விட்டுப்போன நண்பருக்குச் செய்தி அனுப்ப ஆசை இருக்கிறது, எண் இருக்கிறது, அவர் சந்தோஷப்படுவார் என்றும் தெரிகிறது; எழுத நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்களாம். ஆனால் முதலில் இப்போதைய நண்பர்களுக்குச் சில நிமிடம் செய்தி அனுப்பவைத்துவிட்டு, அப்புறம் பழைய நண்பருக்கு அனுப்பச் சொன்னபோது பாதிக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். கை பழகவேண்டும் போல.

நானும் அப்படித்தான் செய்தேன். ரயிலில் உட்கார்ந்து வேறு யார் யாருக்கோ வணக்கம் போட்டுவிட்டு, அதே சூட்டில் அவனுக்கும் ஒன்று தட்டினேன்: "ஊருக்கு வரேன். இருக்கியா?" உடனே பதில் வந்தது: "எங்க போவேன்? வா."

போனால் முதலில் அசட்டு அமைதி. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அவன் மகள் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அங்கிள், அப்பா ஸ்கூல்ல நல்லாப் படிப்பாரா?" நான் "ரொம்ப" என்றேன். அதே நொடியில் அவன் "சுமார்தான்" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் நாங்கள் ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். அங்கே தொடங்கிய பேச்சு கடைசி ரயிலைத் தவறவிடும்வரை போனது.

அடுத்த விடுமுறைக்கு அவன் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான். மகளையும் கூட்டிக்கொண்டு வருவானாம். அவளிடம் சொல்லக்கூடாத விஷயங்கள் என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே அனுப்பிவிட்டான், கொஞ்சம் நீளம்தான்.