சொட்டுநீர்ப் பாசன மானியம்: எங்கள் பங்கு எவ்வளவு?

கொடுங்கையூர்வாசி:
வணக்கம். மீஞ்சூர் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் உள்ளது; பட்டா இன்னும் காலமான தந்தையின் பெயரிலேயே இருக்கிறது. கத்தரி, வெண்டை பயிரிடுகிறோம். கிணற்று நீர் கோடையில் உவர்த்துவிடுகிறது. சொட்டுநீர் அமைத்தால், மானியம் போக நாங்கள் எவ்வளவு செலுத்த வேண்டும்?

மாதவரம் தோட்டக்காரர்:
ஐயா, ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. ஆனால் அந்த 100 என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான் (குறிப்பிட்ட பரப்பில் அமைக்க ஆகும் செலவாக அரசு கணக்கிடும் தொகை). அதற்கு மேல் நீங்கள் கேட்டு வாங்கும் குழாய்க்கும் வால்வுக்கும் கைக்காசுதான். முதலில் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள், மற்றவை பிறகு. வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), புல வரைபடம், ஆதார் ஆகியவற்றோடு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

செங்குன்றம் வாசகி:
நீரைப் பரிசோதிக்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம், ஐயா. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்திருக்கிறது. அத்தகைய நீர் ஓடினால் சொட்டுவான் (குழாயில் நீரைச் சொட்டவிடும் சிறு பாகம்) வாயில் வெள்ளையாக உப்புப் பூத்து, துளை அடைபட்டுவிடும். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். பக்கக் குழாய்களின் கடைமூடியைத் திறந்து நீரை வேகமாக ஓடவிடுங்கள். ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்தே மீண்டும் கிடைக்கும் என்பதால், குழாயின் தரத்தைச் சொட்டுநீர் அமைத்துத் தரும் நிறுவனத்தாரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கொடுங்கையூர்வாசி:
நன்றி அம்மா. பட்டா மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் போதுமா, தம்பியின் ஒப்புதலும் வேண்டுமா?

மாதவரம் தோட்டக்காரர்:
வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வாங்கச் சான்றிதழ் போதும். உங்கள் ஒருவர் பெயருக்கு மட்டும் என்றால், மற்றவர்கள் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிந்து தர வேண்டும்.