மறு: உள்ளடக்க வடிகட்டியா, தளமறிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் ஆபாசத் தளங்களுக்குப் போகாமல் ரௌட்டரில் தடுக்கும் வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, பேசாமல் 'உள்ளடக்க வடிகட்டி' என்றே முடித்துவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டு ரௌட்டரில் நாம் வைக்கிற அந்த ஏற்பாடு எந்த உள்ளடக்கத்தையும் பார்ப்பதே கிடையாது, எதையும் வடிகட்டுவதும் கிடையாது.

நடப்பது இதுதான். பிள்ளை கைபேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண்முகவரி என்ன என்று கைபேசி முதலில் ஒரு டிஎன்எஸ் வழங்கியிடம் (பெயருக்கு முகவரி சொல்லும் கணினியிடம்) கேட்கும். வழக்கமான வழங்கிக்குப் பதிலாக, இத்தகைய தளங்களைத் தடுக்கவே உள்ள, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3ஐயோ ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123ஐயோ ரௌட்டரில் எழுதி வைத்திருந்தால், அந்த வழங்கி தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்து, பெயர் அதில் இருந்தால் உண்மையான முகவரியைத் தராது. கிளவுட்ஃபிளேர் 0.0.0.0 என்று ஒன்றுக்கும் உதவாத முகவரியைத் தரும். வேறு சில வழங்கிகள் அப்படி ஒரு பெயரே உலகில் இல்லை என்று சாதிக்கும், சில தங்கள் அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். படம், எழுத்து, காணொளி எதுவும் அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை, அப்புறம் எதை வடிகட்டுவது? இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கி அனுப்பும் முறை) ஆகிவிட்டதால், ரௌட்டரே நினைத்தாலும் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது.

சொல் கொஞ்சம் தப்பாக இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். அமைப்புப் பக்கத்தில் 'உள்ளடக்க வடிகட்டி இயங்குகிறது' என்று பார்க்கிற ஒரு அம்மா, எந்தத் தளமானாலும் அதிலுள்ள மோசமானதை மட்டும் இது எடுத்துவிடும் என்றுதான் நினைப்பார். ரெட்டிட், எக்ஸ் போன்றவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்தே கிடக்கின்றன. பெயரை வைத்துத் தடுப்பதென்றால் முழுத் தளத்தையும் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக விட வேண்டும், நடுவில் ஒன்றும் இல்லை. போதாததற்கு, பிள்ளை வைஃபையை அணைத்துவிட்டு சிம்மின் டேட்டாவுக்குப் போனாலே ரௌட்டருக்கு அங்கே வேலை இல்லை. இவ்வளவு குறைவாகச் செய்கிற ஒன்றுக்கு அவ்வளவு பெரிய பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் என் முன்மொழிவு: தளமறிப்பு. வழிமறித்தல், சாலை மறியல் என்று நாளிதழ் படிக்கிற யாருக்கும் தெரிந்த வேர்தான். தளத்தை மறி, மறித்த தளம், மறிப்புப் பட்டியல் என்று நன்றாக வளைந்தும் கொடுக்கிறது. முக்கியமாக, தளத்தைத்தான் மறிக்கிறது, அதற்குள் இருக்கும் பக்கத்தையோ படத்தையோ அல்ல என்பது சொல்லிலேயே இருக்கிறது.

'தளவிலக்கு' என்று ஒருவர் தந்தது முதலில் எனக்கும் பிடித்தது. மதுவிலக்கு மாதிரி இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது. ஆனால் நம்மிடம் வரிவிலக்கும் இருக்கிறதே! அந்த வழியில் படித்தால், தடையிலிருந்து விலக்குப் பெற்ற தளம் என்று நேர்மாறான பொருள் வந்துவிடும். தடுக்கும் பட்டியலையும் அனுமதிக்கும் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கும் ரௌட்டரில் இது வம்பு.

இன்னொன்றையும் இதோடு தீர்த்துவிடலாம். 2020 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8914 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், டிஎன்எஸ் வழங்கி ஏன் பதில் தரவில்லை என்று சொல்வதற்கான குறியெண்களை வகுத்திருக்கிறது. 15 என்றால் வழங்கியை நடத்துபவரே தம் பாதுகாப்புக் கொள்கைப்படி தடுத்தது. 16 என்றால் வெளியார் ஒருவர் சொல்லி, அதாவது பெரும்பாலும் அரசோ நீதிமன்றமோ சொல்லித் தடுத்தது. 17 என்றால் நீங்களே கேட்டுக்கொண்டதால் தடுத்தது. மூன்றிலும் பயனருக்குத் தெரிவது திறக்காத பக்கம்தான், ஆனால் முடிவெடுத்த ஆள் வேறு. மூன்றுக்கும் 'தடை' என்று ஒரே சொல்லைப் போட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும், எனக்கு இது அழகியல் பிரச்சினை இல்லை. 2015 ஜூலை இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை மறிக்கச் சொன்னபோது, நகைச்சுவைத் தளங்கள்கூட அதில் சிக்கின, சில நாட்களில் உத்தரவைத் தளர்த்த வேண்டி வந்தது. அது 16. 2020 ஏப்ரல் 1 அன்று 1.1.1.3 தொடங்கியபோது தன்பாலின, திருநர் தளங்கள் சிலவும் தவறுதலாக மறிக்கப்பட்டு, கிளவுட்ஃபிளேர் வருத்தம் தெரிவித்துச் சரிசெய்தது. அது வீட்டுக்காரர் தாமாகத் தேர்ந்த வழங்கி, எனவே 17இன் கீழ்தான் வரும், பட்டியல் வேறொருவர் போட்டதாக இருந்தாலும். எனவே 15க்கு 'வழங்கி மறிப்பு', 16க்கு 'ஆணை மறிப்பு', 17க்கு 'விருப்ப மறிப்பு' என்று வைக்கலாம். 16க்குத் 'தணிக்கை' போதாதா என்றால், அரசு அலுவலகங்களில் அது கணக்குப் பார்ப்பது.

இனி பெயரின் இன்னொரு பாதி, அதாவது மறிக்கப்படும் தளங்களை என்னவென்று சொல்வது. 'வயது வந்தோர் உள்ளடக்கம்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது, அதில் ஒரு 'க்கு' தவறி நுழைந்தால் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் ஆகிவிடும் (சிரிக்காதீர்கள், ஒரு வரைவில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது). 'பாலியல் தளங்கள்' என்றால் மருத்துவமும் பாலியல் கல்வியும் உள்ளே வந்துவிடும். 'ஆபாசம்' தீர்ப்புச் சொல்கிற சொல், சட்டத்திலும் அதற்குத் தனிப் பொருள் உண்டு, ஆனால் பெற்றோர் தேடுவது அந்தச் சொல்லைத்தான், வாயில் வருவதும் அதுதான். நான் 'ஆபாசத் தளங்கள்' பக்கம். பட்டியலில் இருப்பவை தெரிந்தே அந்தத் தொழில் செய்யும் தளங்கள், அவற்றுக்குப் பூசி மெழுகிப் பெயர் வைக்க வேண்டியதில்லை. சொல்லைப் பார்த்துத் தடுக்கிற முறை என்றால் நானே எதிர்ப்பேன். 1996இல் ஸ்கந்தார்ப் என்ற இங்கிலாந்து ஊர்க்காரர்களை, ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது என்று ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சேரவிடவில்லை. அதே புத்தியோடு தமிழில் இறங்கினால் காமத்துப்பாலின் 250 குறளும் போய்விடும், சங்க இலக்கியத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூகுள் தேடலுக்குத் தனிச் சொல் வேண்டும். அங்கே மறிப்பு இல்லை, கூகுளின் பெயரைக் கேட்டால் பாதுகாப்புத் தேடல் மட்டுமே தருகிற இன்னொரு வழங்கியின் முகவரி வருகிறது. 'பெயர்த்திருப்பல்' என்று தோன்றுகிறது, இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள். அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் மறைகுறி டிஎன்எஸ்ஸை (ரௌட்டர் சொன்ன வழங்கியை விட்டு வேறொன்றிடம் மறைவாகக் கேட்கும் முறையை) இந்த வலையில் தானாக இயக்கலாமா என்று சோதிக்கக் கேட்டுப் பார்க்கும் பெயர் ஒன்று இருக்கிறது. அதைக் 'கேனரிப் பெயர்' என்று அப்படியே இறக்கியிருக்கிறோம், நம் ஊரில் யாருக்கும் அந்தப் பறவையோ நிலக்கரிச் சுரங்கத்தில் அதற்கு என்ன வேலை (நச்சுவாயு இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது) என்பதோ தெரியாது. 'சோதனைப் பெயர்' போதும் என்பது என் எண்ணம். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அதன்பின் மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றிவிடுகிறேன்.