சின்ன நாடுகளுக்குச் சொந்தப் பொதுத்தேர்வு கட்டுப்படியாகுமா?

வைகைக்கரை:
காமன்வெல்த் கணக்குப்படி 15 லட்சம் பேருக்குள் இருந்தால் சிறிய நாடு. நம்ம மதுரை மாவட்டத்தில் பாதி. அப்படி ஒரு நாடான மாலத்தீவில் 2011 வரை பல்கலைக்கழகமே இல்லை. மேல்படிப்புக்கு வெளிநாடுதான். அங்கே செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும் என்றுதான் பள்ளி இறுதிக்கு, சொந்தத் தேர்வுக்குப் பதிலாக, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வை வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

மேலூர் வாத்தியார்:
வேறு வழியே இல்லை என்பதை ஒத்துக்க மாட்டேன் தம்பி. கரீபியன் தீவுகளும் பிரிட்டன் தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருந்தன. 1972-ல் ஒன்றுசேர்ந்து தேர்வுக் கழகம் அமைத்தன. 1979-ல் முதல் தேர்வு. இன்று கரீபியன் வரலாறு அங்கே தனிப்பாடம். எந்தத் தேர்வு வைக்கிறோமோ அதுதான் பாடத்திட்டம்; தேர்வு வெளியூரில் இருந்தால் கல்விக் கொள்கையும் வெளியூரில்தான்.

வைகைக்கரை:
அண்ணே, நடைமுறையைப் பாருங்க. நம்ம பத்தாம் வகுப்பு வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவலோடு இருக்கும். விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போட்டு வேறு மாவட்டத்துக்கு அனுப்பிடுவாங்க. குட்டித் தீவில் வேறு மாவட்டத்துக்கு எங்கே போறது? திருத்துபவருக்குக் கையெழுத்தைப் பார்த்தாலே எந்தப் பள்ளி, யார் பிள்ளை என்று தெரிஞ்சிடும். வினாவை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கணும் என்றால், அதற்கும் தேர்வெழுதப் போகும் அதே பிள்ளைகள்தான் கிடைப்பாங்க. கேள்வி அங்கேயே வெளியே போயிடும்.

திருமங்கலம் டீச்சர்:
உலகத் தரவரிசை மட்டும் சும்மா வருதா? பதினைந்து வயதுப் பிள்ளைகளை நாடு வாரியாக ஒப்பிடுகிற பிசா தேர்வுக்குப் பெரிய நாட்டில் குறைந்தது 150 பள்ளி மாதிரி போதும். சின்ன நாடான ஐஸ்லாந்தில் அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள எல்லாப் பள்ளியும் எழுதணும். தமிழ்நாடும் இமாச்சலும் எழுதிய முடிவு 2011 டிசம்பரில் வந்தது, கடைசி வரிசையில். இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகலை. உதவி நிதியை நம்பியிருக்கிற நாட்டுக்கு அப்படி எழுந்து வர முடியுமா?

மேலூர் வாத்தியார்:
அதனால்தான் கூட்டாக நிற்கணும் என்கிறேன். தம்பி சொன்ன ரகசியச் சிக்கல் முழுக்க உண்மை. கரீபியனில் திருத்துபவர்கள் பல நாட்டிலிருந்தும் வருகிறார்கள். அங்கே அது தீர்ந்தது.

வைகைக்கரை:
மாலத்தீவு யாரோடு கூட்டுச் சேரும்? மொரீஷியசோடா? அங்கேயும் கேம்பிரிட்ஜ்தான்.

மேலூர் வாத்தியார்:
தன் சொந்த மொழியான திவெஹி தாளையும் இஸ்லாம் தாளையும் மாலத்தீவே நடத்துகிறதே! அடுத்து சமூக அறிவியலை எடுக்கட்டும். ஒரு பகுதி மதிப்பெண்ணைப் பள்ளிச் செயல்திட்டத்துக்கு வைத்து, மொரீஷியஸ் ஆசிரியர்களை மறுமதிப்பீட்டுக்குக் கூப்பிடட்டும். கணக்கும் இயற்பியலும் கேம்பிரிட்ஜிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்; வெளிநாட்டுக் கல்லூரி முதலில் கேட்பது அவற்றைத்தான்.