ஃபியூஷியா போன்சாய்: மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவள்கிறது, ஒரு கிளை பட்டுப்போனது. காப்பாற்ற வழி சொல்லுங்கள்

கோத்தகிரி வேலி · ஏப்ரல் 9

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்கள் பாட்டி வீட்டு வேலியோரம் ஃபியூஷியா புதர் புதராக நின்றது. வீட்டில் ஜிமிக்கிப் பூ என்றுதான் சொல்வோம். வெளியே நாலு சிவப்பு இதழ், உள்ளே ஊதாப் பாவாடை, சின்னப் பூ. பாட்டி கையால் வைத்த வேலி அது. போன அக்டோபரில் மதில் கட்டுவதற்காக எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். ஓர் அடிக்கட்டையை மட்டும் நான் வேரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி வரை பழைய பெயின்ட் வாளியில் நன்றாகத் தழைத்தது. அடித்தண்டு 4 செ.மீ. பருமன், பட்டை உரிந்து உரிந்து வயதான மரம் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் போன்சாய் ஆசை வந்தது. 6 செ.மீ. ஆழமுள்ள கறுப்புப் பீங்கான் தட்டுத் தொட்டியில் மாற்றினேன். தோட்டத்துச் செம்மண், சாண எரு, அடியில் ஒரு வரிசை கூழாங்கல். அன்றைக்கே இடது பக்கம் இருந்த தடித்த கிளையைத் தண்டோடு ஒட்ட அறுத்துவிட்டேன்.

மார்ச் நடுவில் இருந்து மதியமானால் இலை தொங்குகிறது. முதலில் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். தண்ணீர் பத்தவில்லை என்று மதியமும் ஊற்ற ஆரம்பித்தேன். இப்போது காலையிலும் தொங்கியபடியே இருக்கிறது. அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. அறுத்த இடத்துக்கு நேர் கீழே இருந்த சின்னக் கிளையும் காய்ந்துவிட்டது. இது போனால் பாட்டி வேலியில் வேறு எதுவும் மிச்சமில்லை. என்ன செய்யட்டும்?

மாடித்தோட்டம் சென்னை · ஏப்ரல் 9

வெயில் ஏறுது இல்லையா, ரெண்டு வேளையும் தாராளமா ஊத்துங்க. மண்ணுல சத்தும் போயிருக்கும். ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. உரம் தொட்டி ஓரமா போட்டா தெம்பு வரும்.

மலைத்தொட்டி · ஏப்ரல் 9

தயவுசெஞ்சு உரம் போட்டுடாதீங்க. தண்ணியும் இன்னைக்கு வேண்டாம். முதல்ல நாலு விஷயம் சொல்லுங்க.

விரலை ரெண்டு கணு ஆழம் விட்டா மண் எப்படி இருக்கு? தொட்டியைத் தூக்கி அடி ஓட்டைல மூக்கை வச்சுப் பாருங்க, என்ன வாசனை? செடி எங்க இருக்கு, எத்தனை மணி வரைக்கும் வெயில் படுது? மதியம் தொட்டியோட பக்கத்துல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, சுடுதா?

கோத்தகிரி வேலி · ஏப்ரல் 9, மாலை

அக்கா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மண் களி மாதிரி விரலில் ஒட்டுகிறது. ஓட்டையில் சாக்கடை வாசனை. தெற்குப் பார்த்த சிமென்ட் திட்டில் வைத்திருக்கிறேன், காலை எட்டு முதல் மூன்று மணி வரை வெயில். ஒரு மணிக்குத் தொட்டியின் பக்கத்தில் கையை வைத்திருக்கவே முடியவில்லை.

மலைத்தொட்டி · ஏப்ரல் 9, இரவு

அப்போ வேர் அழுகிக்கிட்டு இருக்கு. செடி துவள்றது தண்ணி இல்லாம இல்லை, தண்ணியை இழுக்க வேர் இல்லாம.

எப்படி ஆச்சுன்னு சொல்றேன், இது புரிஞ்சா திரும்ப நடக்காது. ஃபியூஷியா இலை மெல்லிசு. வெயில் தலைக்கு மேல வர்ற நேரத்துல இலை விடுற தண்ணி அளவுக்கு வேரால அனுப்ப முடியாது. அதனால நல்லா இருக்கிற செடியே மதியம் கொஞ்சம் தொங்கும், சாயங்காலம் தானா நிமிரும். மார்ச்ல நீங்க பார்த்தது அதுதான். அப்போ நிழல்ல நகர்த்தியிருந்தா போதும். நீங்க தண்ணி ஊத்துனீங்க. ஈர மண்ணுல இன்னும் ஈரம், வேருக்குக் காத்து இல்லை, கறுப்புத் தொட்டி சூடு வேற. இந்தச் செடி எதைப் பொறுத்தாலும் வேர்ச்சூட்டைப் பொறுக்காது.

இன்னொண்ணு, ஆழமில்லாத தொட்டி சீக்கிரம் காயும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைச்சுப் படுக்க வச்சுப் பிடிங்க. சொட்டுறது நின்னதும் அதையே நிமிர்த்திப் பிடிங்க, மறுபடி தண்ணி கொட்டும். படுத்த ஸ்பாஞ்ச் உங்க தட்டுத் தொட்டி, நின்ன ஸ்பாஞ்ச் பழைய வாளி. ஒரே மண்ணா இருந்தாலும் தட்டுல அடில இருந்து கிட்டத்தட்ட மேல் வரைக்கும் தண்ணி தேங்கி நிக்கும். கூழாங்கல் போட்டா வடியும்னு சொல்றதும் தப்பு. கல்லுக்கு மேல மண் இருக்கிற உயரம் இன்னும் குறையுது, தேங்குற தண்ணி வேருக்கு இன்னும் கிட்ட வருது. அதான் போன்சாய்க்குக் கரடு மண்ணே வேணும்ங்கிறது.

நாளைக்குக் காலையிலேயே செய்யுங்க. செடியைக் கவிழ்த்து எடுத்து, மண்ணை வாளித் தண்ணியில அலசி விடுங்க. வேரை ரெண்டு விரலால உருவிப் பாருங்க. தோல் கழண்டு நடுவுல நூல் மட்டும் நின்னா அது செத்த வேர், வெட்டிடுங்க. வெள்ளையாவோ இளம் பழுப்பாவோ விறைப்பா இருக்கிறது உயிர் வேர், அதுல கை வைக்காதீங்க. வேர் எவ்வளவு போச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி மேலயும் குறைக்கணும். பூ, மொக்கு இருந்தா எல்லாத்தையும் கிள்ளிடுங்க.

மறுபடி அந்தத் தட்டுல வைக்கவே கூடாது. வேர் அடங்குற அளவுக்குச் சின்ன மண் தொட்டி போதும். கலவை நான் போடுறது: உடைச்ச ஓட்டுச் சில்லு ரெண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைஞ்ச வெள்ளைக் கல்லுப் பொரி) ஒரு பங்கு, மக்குன இலை ஒரு பங்கு. எல்லாத்தையும் சல்லடைல சலிச்சு, தூளைக் கொட்டிட்டு, மிளகு அளவுல இருந்து கொண்டைக்கடலை அளவு வரைக்கும் உள்ளதை மட்டும் எடுங்க. நல்ல வெளிச்சம், ஆனா நேர் வெயில் இல்லாத இடம். ஆறு வாரத்துக்கு உரமே கிடையாது.

முக்கியமானது ஒண்ணு. வெட்டுற நுனிகளைத் தூக்கிப் போடாதீங்க. பூ இல்லாத நுனியா மூணு ஜோடி இலையோட எடுத்து, கீழ் ஜோடியைக் கிள்ளிட்டு, மணலும் தென்னைநார்த் தூளும் சம அளவு கலந்து நட்டு வைங்க. மூணு வாரத்துல வேர் விடும். தாய்ச்செடி போனாலும் பாட்டி செடி போகாது.

பழைய தோட்டக்காரர் · ஏப்ரல் 10

மேலே சொன்னது அத்தனையும் சரி. பட்டுப்போன கிளை பற்றி நான் சொல்கிறேன். முப்பது வருடம் இந்த மலையில் கவாத்துக் கத்தி பிடித்தவன்.

தண்டோடு ஒட்ட அறுத்ததுதான் பிழை. மற்ற போன்சாய் மரங்களில் அப்படி ஒட்ட வெட்டினால் காயம் மூடி மேடு கட்டும் என்பார்கள். ஃபியூஷியாவின் கட்டை மென்மையானது, பெரிய காயத்தைச் சுலபத்தில் மூடாது. வெட்டிய இடத்திலிருந்து காய்ச்சல், அதாவது கட்டை காய்ந்துகொண்டே போவது, கீழ்நோக்கி இறங்கும், அந்தப் பாதையில் இருக்கும் கிளையையும் சேர்த்துக் கொண்டுபோகும். உங்களுக்கு நடந்தது இதுவே. பென்சில் பருமனுக்கு மேற்பட்ட எந்தக் கிளையானாலும் 2 அல்லது 3 செ.மீ. முளை (கிளையின் அடித்துண்டு) விட்டு, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். காய்ச்சல் அந்த முளையோடு நிற்கும். அடியில் புதுத் தளிர் வந்து முற்றிய பிறகு காய்ந்த முளையைச் செதுக்கிக்கொள்ளலாம்.

இப்போது காய்ந்திருக்கும் பகுதியை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டி வெட்ட வேண்டாம்.

சிவப்பும் ஊதாவுமாகச் சின்னப் பூ என்றால் பெரும்பாலும் மெகல்லானிகா வகையாக இருக்கும். அதன் சொந்த ஊர் தென் சிலியும் அர்ஜென்டினாவும். குளிர்ந்த, ஈரக் காற்றுள்ள இடங்கள். நம் மலை அதற்கு ஒத்துப்போனதற்குக் காரணம் அதுதான். பாட்டி நல்ல வகையைத்தான் வைத்திருக்கிறார். கவாத்து செய்யச் செய்ய இலையைச் சிறிதாக்கலாம், பூவைச் சிறிதாக்க முடியாது. அடுக்கு இதழ் பெரிய பூ வகைகளைச் சின்ன மரத்தில் பார்த்தால் குழந்தை தலையில் கல்யாண மாலை வைத்தது போல இருக்கும்.

மாடித்தோட்டம் சென்னை · ஏப்ரல் 10

நான் சொன்னது தப்புதான், மன்னிச்சுக்கோங்க. இங்க எல்லாச் செடிக்கும் தண்ணிதான் பிரச்சினைங்கிறதால அப்படித் தோணுச்சு. அக்கா, இது சென்னைல வருமா?

மலைத்தொட்டி · ஏப்ரல் 10

வராதுங்க. 30 டிகிரியைத் தாண்டினாலே மொக்கு உதிரும், ராத்திரியும் சூடு இறங்கலைன்னா செடி தேறாது. உங்க மாடிக்குக் காகிதப்பூவும் கொடுக்காப்புளியும் அருமையான போன்சாய் ஆகும்.

கோத்தகிரி வேலி · ஏப்ரல் 11

செய்து முடித்தேன். கவிழ்த்தபோது மண் தட்டின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக வந்தது. அடிப்பாதி கறுப்பு. அக்கா சொன்ன மாதிரி உருவினேன், ஈரக் காகிதம் போலத் தோல் விரலோடு வந்துவிட்டது, தலைமுடி மாதிரி நூல் நின்றது. அப்படியே பாதிக்கு மேல் போய்விட்டது. வலது பக்கம், பாதி உள்ளங்கை அளவுக்கு வெள்ளை வேர் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுரண்டிப் பார்த்ததில் இடது பக்கம் 5 செ.மீ. வரை பழுப்பு, அதற்குக் கீழே பச்சை. அங்கேயே நிறுத்தினேன். ஒன்பது குச்சிகள் நட்டிருக்கிறேன். வேர் அழுகலுக்கு மருந்து கலந்து ஊற்றலாமா என்று கடையில் கேட்டார்கள். வேண்டுமா?

பழைய தோட்டக்காரர் · ஏப்ரல் 11

அழுகியதை வெட்டி, காற்றோட்டமான மண்ணுக்கு மாற்றிவிட்டீர்கள். மருந்தை விட அதுதான் பெரிய வேலை. இனி மேல்மண் விரல்நுனி ஆழம் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஊற்றும்போது அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். இலை தொங்குவதைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

கோத்தகிரி வேலி · மே 27

ஐயா, அக்கா, நல்ல செய்தி. மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, இருந்த இலையும் விழுந்தது. மே முதல் வாரம் தண்டில் அரிசி அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. இப்போது பதினேழு தளிர், காய்ந்த முளைக்குக் கீழேயும் இரண்டு. நட்டதில் ஏழு குச்சி வேர் பிடித்துவிட்டது, ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி வடிவம் எப்படிக் கொண்டுவருவது? கம்பி சுற்றலாமா? சில இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி மாதிரியும் இருக்கிறது.

மலைத்தொட்டி · மே 28

பதினேழா! ரொம்ப சந்தோஷம்.

ஆரஞ்சுப் பொடி துரு நோய். இலை நனைஞ்சே கிடந்தா வரும். அந்த இலைகளைக் கிள்ளி வீட்டுக் குப்பைல போடுங்க, தொட்டிலயோ உரக்குழிலயோ விடாதீங்க. சாயங்காலம் இலை மேல தண்ணி தெளிக்கிறதை நிறுத்திட்டு, மழை நாள்ல தாழ்வாரத்துல வைங்க.

வடிவத்துக்கு முதல்ல தேர்வு. இந்தச் செடில இலையும் கிளையும் எதிரெதிரா ஜோடியாத்தான் வரும், சில கணுவுல மூணும் வரும். எல்லாத்தையும் விட்டா அந்தக் கணு வீங்கிப் பார்க்க நல்லா இருக்காது. ஒரு கணுவுக்கு ஒண்ணு மட்டும் வச்சு, இடம் வலம்னு மாத்தி மாத்தி விடுங்க. வச்ச கிளை மூணு ஜோடி இலை விட்டதும் நுனியை நகத்தால கிள்ளுங்க. ரெண்டா பிரியும். அது ரெண்டு ஜோடி விட்டதும் மறுபடி கிள்ளுங்க.

கம்பி சுத்தலாம், ஆனா கவனம். பச்சைத் தளிர் பிறந்த இடத்துலயே டக்குனு ஒடிஞ்சுடும். முத்துன கட்டையும் ஒடியும். பச்சைல இருந்து பழுப்புக்கு மாறுற நேரத்துலதான் வளையும். அன்னைக்குக் காலைல தண்ணி ஊத்தாம, சாயங்காலம் கொஞ்சம் தளர்ந்து இருக்கும்போது 1 மி.மீ. அலுமினியக் கம்பியால சுத்துங்க. வேகமா பருக்கிற செடி, வாரா வாரம் பார்க்கலைன்னா கம்பி உள்ள பதிஞ்சுடும். நான் இப்போ நூல் கட்டிக் கீழே இழுத்து விடுறதுதான் அதிகம்.

நுவரெலியா மலர் · மே 29

இங்கேயும் இந்தப் பூ வீட்டுக்கு வீடு இருக்கு. ஒன்று மட்டும் சொல்லணும். நுனி கிள்ளும் பழக்கம் வந்தால் கை நிற்காது. நான் வாரத்துக்கு வாரம் கிள்ளி ஒரு வருஷம் முழுக்கப் பூவே பார்க்கவில்லை. பூ வருவது புதுத் தளிரின் இலைக்கக்கத்தில். கடைசியாகக் கிள்ளின நாளிலிருந்து எண்ணினால் ஒற்றை இதழ் வகைக்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமை (வாரம்) ஆகும். பூ வேணும் என்றால் ஒரு நாளைக் குறித்துவைத்து அதோடு நிறுத்துங்க.

பழைய தோட்டக்காரர் · மே 29

மிகச் சரியாகச் சொன்னீர்கள். நிறுத்திய பிறகு சாம்பல் சத்து (பொட்டாஷ்) சற்றுக் கூடுதலாக உள்ள உரத்தைப் பாதி அளவில் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள்.

கோத்தகிரி வேலி · ஆகஸ்ட் 16

ஜூன் 18 கடைசியாகக் கிள்ளினேன், காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். இன்று காலை முதல் பூ. மொக்கு ஒரு வாரமாகச் சிவப்பு மிளகாய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குப் பார்த்தபோது நாலு இதழும் பின்னால் மடங்கி, ஊதா எட்டிப்பார்த்தது. அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள், "அதே பூதான்" என்றாள், வேறு எதுவும் பேசவில்லை.

இன்னும் பதினொரு மொக்கு இருக்கிறது. இடது பக்கக் காய்ந்த முளைக்குக் கீழே வந்த தளிர் இப்போது பென்சில் அளவுக்கு இருக்கிறது. முளையைச் செதுக்கிவிடலாமா? பழைய பீங்கான் தட்டுக்கு எப்போது மாற்றலாம்?

பழைய தோட்டக்காரர் · ஆகஸ்ட் 16

பூ முடியட்டும். அக்டோபர், நவம்பர் மழையில் திறந்த காயம் வேண்டாம். பனி இறங்கும் இரவுகளில் தாழ்வாரத்தில் வையுங்கள், இலை கொட்டினாலும் பயப்படாதீர்கள். பிப்ரவரி கடைசியில் மொக்குக் கண் வீங்கும்போது முளையைக் கூர்மையான கத்தியால் சரிவாகச் செதுக்குங்கள். அப்போதும் நகத்தால் சுரண்டிப் பார்த்து, பச்சை தொடங்கும் இடத்துக்கு ஒரு நூலிழை மேலே நிறுத்துங்கள்.

மலைத்தொட்டி · ஆகஸ்ட் 17

தட்டுக்கு அடுத்த வருஷமும் வேண்டாம். பிப்ரவரில வேரைக் கொஞ்சம் கத்தரிச்சு இதே அளவு மண் தொட்டிலயே புது மண்ணு போடுங்க. அதுக்கு அடுத்த வருஷம் வேர் முழுசா நிறைஞ்சதும் தட்டு. ஆனா அந்தக் கறுப்புத் தட்டு வேண்டாம், 8 செ.மீ. ஆழத்துல வெளிர் நிறமா ஒண்ணு பாருங்க. மீதி ஆறு குச்சில ஒண்ணை எனக்கும் எடுத்து வைங்க, குன்னூர் பக்கம் வரும்போது வாங்கிக்கிறேன்.

கோத்தகிரி வேலி · ஆகஸ்ட் 17

உங்களுக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டேன் அக்கா.